கூலருக்குத் தண்ணி ஊத்தியாச்சான்னு அம்மாட்ட கேளு

எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்கும் யோசனை வந்தால் உடனே என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நானும் கேன்டீனில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நன்மைகளை எடுத்துச் சொல்லுவேன். பிள்ளைக்கு ஒழுங்கு வரும். துணியைத் தானே மடிக்கும். பாகற்காயைக் கண்டால் ஓடாது. பல மாநிலத்துப் பிள்ளைகளோடு பழகும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி மேடம், ஃபேமிலிக்கு என்ன பெனிஃபிட்?" என்று யாராவது கேட்பார்கள். அங்கேதான் நான் இன்னொரு டீ சொல்லுவேன். குடும்பத்துக்கு என்ன நன்மை என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கூலரிலிருந்து தொடங்க வேண்டும். கூலருக்கும் முன்னால் ஒரு ரயில் இருக்கிறது.

என் தம்பி கல்யாணத்துக்குக் கும்பகோணம் போகக் கிளம்பிய ரயில் அது. நானும் மத்திய அரசு, என் கணவரும் மத்திய அரசு. அமைச்சகம்தான் வேறு வேறு. கோப்பு பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு தொழில் நோய் உண்டு. முன்னால் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால், படித்துவிட்டுத்தானே போட்டிருப்பார் என்று நாமும் போட்டுவிடுவோம். நமக்குப் பின்னால் ஒருவர் போடப்போகிறார் என்றால், அவர் படித்துக்கொள்வார் என்று போட்டுவிடுவோம். டிக்கெட்டை அவர் பார்த்திருப்பார் என்று நான் இருந்தேன். நான் பார்த்திருப்பேன் என்று அவர் இருந்தார். புது தில்லி ஸ்டேஷனில் பஹாட்கஞ்ச் பக்கம் இறங்கி, பெட்டிகளையும் பட்டுப்புடவைப் பையையும் எட்டு வயது மகளையும் இழுத்துக்கொண்டு பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓடினோம். எங்கள் ரயில் ஊரின் இன்னொரு பக்கம் இருக்கும் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிப் போயே போய்விட்டது.

கல்யாணத்தை செல்போனில் பார்த்தேன். தாலி கட்டும் நேரம் பார்த்து நெட்வொர்க் நின்று, திரையில் என் தம்பியின் ஒரு காது மட்டும் உறைந்து நின்றது. கெட்டிமேளம் முழுக்க அந்தக் காதைத்தான் பார்த்தேன்.

"நீதான நியூ டெல்லின்னு சொன்ன?" என்றார் அவர்.

"நீங்கதான் சொன்னீங்க," என்றேன் நான்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நாங்கள் இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இதைக் கேட்டதும் உடைந்த பாத்திரங்களையும் வக்கீலையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீடு மிக ஒழுங்காக நடந்தது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களைவிட அமைதியான குடும்பம் கிடையாது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை உதாரணம் காட்டினார்கள். எங்களுக்கு நடுவில் மகள் இருந்தாள். அரசாங்கத்தில் எந்த விண்ணப்பமும் நேராக மேலிடத்துக்குப் போகக் கூடாது, உரிய வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்போம். எங்கள் வீட்டு ப்ராப்பர் சேனல் அவள்தான்.

"அம்மாட்ட கேளு, என் வெள்ளச் சட்டைய எங்க வச்சிருக்கான்னு."

"அப்பாகிட்ட சொல்லு, அவர் தலைமாட்டுலயே தொங்குதுன்னு."

அவள் ஹாலுக்கும் அறைக்குமாக நடந்தாள். திறமைசாலி. "அந்த மனுஷனுக்குக் காது செவிடாயிடுச்சான்னு கேளு" என்று நான் சமையலறையிலிருந்து சொன்னால், அவள் உள்ளே போய், "அப்பா, டிவி சவுண்ட் தோடா கம்மி பண்ணுங்க, ப்ளீஸ்" என்பாள். மேலிடத்துக்குப் போவதற்கு முன் வரைவைத் திருத்தும் அந்தக் கலை எனக்கே பத்து வருட சர்வீஸுக்குப் பிறகுதான் வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அவளுக்கென்று தனி அறை ஒதுக்க வீட்டில் இடமில்லை. இருந்த இரண்டு அறையில் ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவள் படுக்கை ஹாலில், இரண்டு கதவுகளுக்கும் நடுவே. தூக்கம் அவளுக்கு ஒட்டவே ஒட்டாது. ஒரு டம்ளர் உருண்டால் போதும், கண்ணைத் திறக்காமலேயே எழுந்து உட்கார்ந்து, "என்னம்மா, அப்பாகிட்ட என்ன சொல்லணும்?" என்பாள். பயந்த சுபாவம், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தால்தான் கொஞ்சமாவது தூங்குகிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, "அம்மா, நான் ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் போகட்டா? அப்பா சரின்னுட்டார்" என்றாள்.

தோசை கருகியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைக் கேட்காமல் சரி சொல்லிவிட்டாராமே மனுஷர்! முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் முடியாது என்றால் அவரோடு வாதாட வேண்டும். யாரை வைத்து வாதாடுவது? இவளை வைத்துத்தான். இவளை அனுப்பக் கூடாது என்று இவளிடமே சொல்லி அனுப்பி, அவர் அனுப்பத்தான் வேண்டும் என்று இவளிடமே சொல்லி அனுப்பி... அந்த வழக்கு எங்கே போய் முடியும்? தவிர, அப்பாவே துணிந்துவிட்டார், அம்மாதான் முட்டுக்கட்டை என்று பேர் வாங்க எனக்கு மனமில்லை. "அப்பா சரின்னா எனக்கும் சரிதான்" என்று தோசையைத் திருப்பிப் போட்டேன். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் என்னுடையதையும் போட்டேன்.

மார்ச் மாதம் டேராடூனைத் தாண்டி மலைமேல் இருந்த அந்தப் பள்ளியில் கொண்டுபோய் விட்டோம். போகும்போது காரின் பின்சீட்டில் அவள் நடுவில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறக்கவும் மூடவும் எங்கள் இருவருக்கும் சேவகம் செய்தாள். கேட்டுக்குள் நுழைந்தபோது அவள் அழவில்லை. நான் அழுதேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறாரா, பனியா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்டு வர அனுப்பலாமென்றால், அனுப்ப வேண்டியவள் கேட்டுக்கு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்தபின்தான் எங்கள் நிர்வாகம் எந்தக் கதியில் இருக்கிறது என்று புரிந்தது. இரண்டு பேரும் பால் வாங்கினோம், மறுநாள் இரண்டு பேரும் வாங்கவில்லை. நான் குக்கரைப் பார்த்து "சாப்பாடு ஆயிடுச்சு" என்று உரக்கச் சொன்னேன். அவர் செய்தித்தாளைப் பார்த்து "வாரேன்" என்றார். சுவரைப் பார்த்துப் பேசுவதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் சுவரோடு பேசினால் முறை மீறியது ஆகாதே.

ஏப்ரலில் கூலரை வெளியே எடுத்ததும் நிலைமை முற்றியது. தில்லிக் கோடையில் கூலர்தான் குலதெய்வம். தினமும் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் செய்தாக வேண்டும், அப்போதுதான் குளிர்ந்த காற்று வரும். தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று நான் நினைத்த நாளில் அது வறண்டு, வீட்டுக்குள் அனல் அடித்தது. நான் ஊற்றவில்லை என்று அவர் நினைத்த நாளில் இருவரும் ஊற்றி, அது நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மடித்து வைப்பதற்கு முன் வெயிலில் போட்டிருந்த ரஜாய், குளிர்காலப் பஞ்சுப் போர்வை, நனைந்தது. அந்த அம்மாள் மேலே வந்து கத்தியபோது நாங்கள் இருவரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டோம். அதுவும் அவளிடம்தான்.

அலுவலகத்தில் ஒருவர் லீவில் போனால் அவர் வேலையைப் பார்க்க இன்னொருவரை நியமிப்பார்கள். 'லிங்க் ஆபீசர்' என்று பெயர். வீட்டுக்கும் ஒருவர் தேவைப்பட்டார். பெருக்கித் துடைக்க வரும் பிகார்க்காரப் பெண்ணைப் பிடித்தேன். "சாப்கோ போலோ, கானா தையார் ஹை" என்று, சாப்பாடு தயார் என்பதை ஐயாவிடம் சொல்லச் சொல்வேன். அவள் துடைப்பத்தோடு போய்ச் சொல்லிவிட்டு வருவாள். ஆனால் மகளைப்போல் வரைவைத் திருத்தத் தெரியாது. நான் பெருமூச்சு விட்டால், மேம்சாப் பெருமூச்சு விட்டார் என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். ஒரு வாரத்தில் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "மேம்சாப், நான் ஜாடூ-போச்சாவுக்கு வருகிறேன். சமாதானம் பேசுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு செல்போன் கிடையாது. ஞாயிறு மதியம் வார்டனம்மாளின் போனிலிருந்து ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். வாரம் முழுக்க நான் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இருந்தேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும்: பிள்ளை தூங்குகிறாளா? முன்பின் தெரியாத இடம், நாங்கள் இருவரும் பக்கத்தில் இல்லை, இருபது பேர் படுக்கும் கூடம். கண்ணை மூடுகிறாளா இல்லையா? இதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் சோபாவில் உட்காருவேன். அவரும் வந்து மறு ஓரத்தில் உட்காருவார். நடுவில் ஸ்டூல், ஸ்டூலில் என் போன், ஸ்பீக்கரில்.

"அம்மா, எப்படி இருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மறு ஓரத்திலிருந்து, "ஏ பிள்ள, கூலருக்குத் தண்ணி ஊத்தியாச்சான்னு அம்மாட்ட கேளு."

"அம்மா, கூலருக்குத் தண்ணி..."

"ஊத்தியாச்சுன்னு சொல்லு. அவர் ஏன் நேத்து மறுபடி ஊத்துனாருன்னு கேளு."

"அப்பா, நேத்து மறுபடி ஏன்..."

கேள்வி சோபாவின் இந்த ஓரத்திலிருந்து கிளம்பி, மீரட், முசாபர்நகர் எல்லாம் தாண்டி, மலையேறி, அவள் வாயில் நுழைந்து, மறுபடி மலையிறங்கி, சோபாவின் அந்த ஓரத்துக்கு வந்து சேரும். அவர் இருமினால் எனக்கு இங்கேயும் கேட்கும், போனிலும் கேட்கும். கேஸ் சிலிண்டர், அவருடைய மாத்திரை, என் அம்மாவின் முழங்கால், யார் பூட்டைப் பூட்டாமல் போனது என்று ஒரு வாரத்து நிலுவையெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் பைசலாகும். பின்னால் வரிசையில் நிற்கும் பெண்களின் சிரிப்புக் கேட்கும். அசாமிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த பிள்ளைகளெல்லாம் "கூலருக்குத் தண்ணி ஊத்தியாச்சா" என்று ஒருவரையொருவர் கேட்டு விளையாட ஆரம்பித்துவிட்டார்களாம். கடைசியில் வார்டனம்மாள் போனை வாங்கி, "ஆப்கி பேட்டி பஹுத் ரெஸ்பான்ஸிபிள் ஹை" என்பார், உங்கள் மகள் ரொம்பப் பொறுப்பானவள் என்று. தமிழ் புரியாத அந்தப் புண்ணியவதி, பிள்ளை ஏதோ அங்கிருந்தே குடும்பப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் முடியும். போன் அணையும். தூங்குகிறாளா என்று கேட்கவில்லையே என்று அப்போதுதான் நினைவு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்மேல்தான். வேறு யார்மேல்?

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. வழக்கம்போல் மணி அடித்தது. வழக்கம்போல் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏ பிள்ள, அம்மாட்ட..." என்று தொடங்கினார்.

"அப்பா, நான் இன்னைக்கு லீவு," என்றாள் மகள்.

அவர் திகைத்தார். "லீவா? லிங்க் ஆபீசர் யாரு?" என்று அவர் வாய் தானாகவே கேட்டுவிட்டது. இருபது வருட சர்வீஸ் பழக்கம்.

"யாரும் இல்ல. நீங்க ரெண்டு பேரும்தான் பேசணும். நான் சும்மா கேட்டுட்டு இருக்கேன். பத்து நிமிஷமும் உங்களுக்குத்தான்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. கூலர் மட்டும் கடகடவென்று ஓடியது. போனில் அவள் மூச்சு கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள்கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். வார்டனம்மாள், "பாத் கரோ, பேட்டி" என்று அவளைப் பேசச் சொல்லிப் பதறுவது கேட்டது. ஒரு மலைப் பள்ளிக்கூடமே எங்கள் இருவரின் வாயை எதிர்பார்த்து நிற்கிறது என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, என் பத்து நிமிஷம் வீணாகக் கரைகிறதே என்று ஆத்திரம் வந்தது. ஆனால் நான் ஏன் முதலில் பேச வேண்டும்? ரயிலைத் தவறவிட்டது நானா?

அவர் வேட்டி நுனியை முறுக்கினார், விட்டார், மறுபடி முறுக்கினார். பிறகு கூலரைப் பார்த்துக்கொண்டே, கூலரிடம் சொல்வது போலில்லாமல், என்னிடமே சொன்னார்:

"நீ சரின்னு சொன்னதுனாலதான நான் இவள அனுப்புனேன். இல்லன்னா பச்சப் பிள்ளய எவனாவது அனுப்புவானா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து வந்த முதல் வாக்கியமே குற்றச்சாட்டு. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் அதில் இருந்த பொய் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் எங்க சரின்னேன்? நீங்க சரின்னுட்டீங்கன்னு வந்து சொன்னா. அப்புறம்தான் நான் கையெழுத்துப் போட்டேன்."

"நானா? நீ சரின்னுட்டேன்னு சொல்லித்தான என்கிட்ட கையெழுத்து வாங்கினா!"

சோபாவில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் மீசையில் இத்தனை நரை எப்போது வந்தது என்று தெரியவில்லை. பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி ஸ்டூலில் இருந்த போனைப் பார்த்தோம்.

"ஏ பிள்ள!" என்றார் அவர்.

"அடியேய்!" என்றேன் நான்.

"டைம் ஓவர்" என்று ஒரு சின்னக் குரல் சொன்னது. அதற்குப் பின்னால் பெண்கள் கூட்டம் கைதட்டிக் கூச்சலிடுவது கேட்டது. அழைப்பு அறுந்தது.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசினோம். பேசினோம் என்றால் சண்டை போட்டோம். ஊமைக்கு வாய் வந்தால் எப்படியிருக்குமோ அப்படி. ஒருவர் கையெழுத்தை நம்பி இன்னொருவர் கையெழுத்துப் போட்டதற்கு நீயா நானா என்று தொடங்கி, நேராகப் புது தில்லி ஸ்டேஷனுக்குப் போனோம். நிஜாமுதீன் என்று யார் பார்த்திருக்க வேண்டும், டிக்கெட் யார் பையில் இருந்தது, தம்பியின் காதைப் பார்த்து நான் அழுதபோது அவர் ஏன் எழுந்து பால்கனிக்குப் போனார்... பால்கனிக்குப் போய் அவரும் அழுதாராம். அதைச் சொல்லி அனுப்ப முடியவில்லையாம். "பிள்ளகிட்ட அதெல்லாம் எப்படிச் சொல்லி விடுறது?" என்றார். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டி, அலுவலகத்தில் வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வேலைக்காரப் பெண்ணிடம், இத்தனை நல்ல குடும்பத்துக்கு யார் கண் பட்டதோ என்று வருத்தப்பட்டாளாம்.

வெள்ளிக்கிழமைவாக்கில் ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும். நாங்கள் அனுப்பவே இல்லையே! அவளே தன்னை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். எந்த மேலிடத்து ஒப்புதலும் இல்லாத உத்தரவு செல்லாது. தவிர, இப்போது நாங்கள்தான் பேசிக்கொள்கிறோமே, இனி அவளுக்கு என்ன கஷ்டம்? அவர் லீவு சொல்லிவிட்டார். நான் அவள் படுக்கைக்கு உறை மாற்றிவைத்தேன். அதே ஹால்தான், அதே இரண்டு கதவுகளுக்கு நடுவேதான்.

ஞாயிறு மணி அடித்தபோது நாங்கள் சோபாவின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இருவரும் ஒரே நேரத்தில், "வந்துடும்மா", "நாளைக்கே கார் எடுத்துட்டு வாரோம்" என்றோம்.

"ரெண்டு பேரும் ஒண்ணா பேசறீங்க," என்றாள் அவள்.

"ஆமா. எல்லாம் பேசிட்டோம். நீ பண்ணுன ஃபோர்ஜரி உட்பட," என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் அதட்டல் எல்லாம் போய்விட்டது. மூன்று மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"தூங்குறியாடி நீ? அங்க தூக்கம் வருதா?"

"நல்லா தூங்கறேம்மா," என்றாள். "படுத்த உடனே தூங்கிடறேன். காலைல பெல் அடிச்சாதான் முழிப்பு வருது. மத்லப்... இங்க யாரும் என்னக் கூப்பிட மாட்டாங்கல்ல."

அவள் அதை எங்களைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பது போலத்தான் சொன்னாள். டம்ளர் உருண்டால் எழுந்து உட்கார்ந்தது பயத்தினால் இல்லை. பிள்ளை மூன்று வருடம் இரவும் பகலும் டியூட்டியில் இருந்திருக்கிறாள்.

"விண்டர்ல வர்றேம்மா. அது வரைக்கும் இங்கயே இருக்கட்டா?" என்று கேட்டாள். பிறகு அவசரமாக, "அப்பா சரின்னு சொன்னார்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுக்கோங்க. ஜல்தி, க்யூல நிறைய பேர் இருக்காங்க" என்றாள்.

கல்யாணமான புதிதில் அவர் என்னைத் திருநெல்வேலிப் பாணியில் ஒரு மாதிரி கூப்பிடுவார். தஞ்சாவூர்க்காரிக்கு அது மாடு கூப்பிடுவது போலக் கேட்கும். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை பனி இல்லை, தில்லியில் மே மாதம்.

"ஏளா," என்றார், என்னைப் பார்த்து. "நீ என்ன சொல்லுதே?"

அறைக்குள் அனல் அடித்தது. கூலரில் தண்ணீர் தீர்ந்திருக்க வேண்டும். உறை மாற்றிவைத்த படுக்கையை ஒருமுறை பார்த்தேன்.

"இருக்கட்டுங்க," என்று அவரிடம் சொன்னேன். "தூங்கட்டும்."